வேப்பமரத்து வல்லூறு

நான்கு வருடங்களுக்கு முன், ஒரு மே மாதம். நெய்வேலியில் எங்கள் குவார்ட்டர்ஸுக்கு எதிரே நிற்கும் வேப்பமரத்தில் ஒரு வல்லூறு ஜோடி கூடு கட்டியிருந்தது. எங்கள் மொட்டை மாடியில் நின்றால் கூடு கண் மட்டத்துக்குத் தெரியும். பறவைகளைப் படம் எடுக்கும் பைத்தியம் எனக்கு அப்போதுதான் பிடித்திருந்தது. கணவர் முதல் ஷிப்ட்டுக்குக் கிளம்பியதும் கேமராவோடு மாடி ஏறிவிடுவேன்.

புறா அளவுதான் இருக்கும். ஆனால் அந்த மஞ்சள் கண் என் பக்கம் திரும்பினால் மூச்சை அடக்கிக்கொள்வேன். ஆண் பறவை ஓணான் பிடித்து வந்து பக்கத்து மரத்திலிருந்து குரல் கொடுக்கும். பெண் பறந்து போய் வாங்கி வந்து, துணுக்குத் துணுக்காகக் கிழித்து, பஞ்சு போன்ற மூன்று வெள்ளைக் குஞ்சுகளுக்கும் ஊட்டும். எனக்கு ஒரே குறை, எந்தப் படத்தை எடுத்தாலும் குறுக்கே ஒரு கிளை.

அந்த வாரம் கரண்ட் கம்பியில் உரசும் கிளைகளைக் கழிக்க கான்ட்ராக்ட் ஆட்கள் வந்தார்கள். அந்த மரத்துக்கு வந்தவர் பக்கத்து ஊரான வடக்குத்தைச் சேர்ந்தவர், என் வயதுதான் இருக்கும். "அண்ணே, அந்த ஒரு கிளையையும் எடுத்துடுங்களேன்" என்றேன்.

"குஞ்சு இருக்குதுங்களே மேடம்" என்று தயங்கினார்.

"கூட்டைத் தொட வேண்டாம், கிளை மட்டும்தான்" என்று நான் விடவில்லை. கீழிருந்தே நீளத் துறட்டியால் இழுத்து அறுத்துவிட்டார்.

மறுநாள் காலை, ஆசைப்பட்டதைவிட அருமையான படங்கள் கிடைத்தன. பத்து மணிக்கு மேல் காட்சி மாறியது. கிளை போன பக்கமாக வெயில் நேராகக் கூட்டுக்குள் இறங்கியது. தாய்ப்பறவை வெயிலுக்கு முதுகைக் காட்டி, இரண்டு சிறகையும் அகல விரித்து நின்றது. குஞ்சுகள் அந்த நிழலில் ஒண்டிக் கிடந்தன. அலகு திறந்து, தொண்டை துடிக்க அது மூச்சு வாங்கியது. ஆண் வந்து கூப்பிட்டும் நகரவில்லை. வெயில் நகர நகர, சிறகை மடக்காமலேயே கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி நின்றது. மணி பன்னிரண்டைத் தாண்டியது. வியந்து வியந்து படம் எடுத்துக்கொண்டிருந்த எனக்கு, அதை அப்படி நிற்க வைத்தது நான்தான் என்று அப்போதுதான் உறைத்தது.

கான்ட்ராக்ட் ஆட்கள் அன்று வேலை செய்துகொண்டிருந்த அடுத்த தெருவுக்கு ஓடினேன். அவர்கள் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். கிளையை அறுத்தவரிடம் விஷயத்தைச் சொன்னேன். திட்டுவார் என்றுதான் நினைத்தேன். அவர் டிபன் பாக்ஸை மூடி வைத்துவிட்டு எழுந்து வந்து மரத்தை அண்ணாந்து பார்த்தார். "மேல ஒரு கெள கீதுங்க. அத்த வளச்சி இழுத்துக் கட்டிட்டா நெழலு வந்துடும்" என்று ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஏறினார்.

தாய்ப்பறவை சும்மா விடவில்லை. பாய்ந்து பாய்ந்து ஹெல்மெட்டில் அடித்தது. ஒரு தடவை காதைக் கீறி ரத்தமே வந்துவிட்டது. அவர் கையை ஓங்கக்கூட இல்லை. தலையைக் குனிந்தபடியே கயிற்றை முடிந்துவிட்டு இறங்கினார்.

"என்னாலதான் அண்ணே" என்றேன்.

"வெட்னது நானுங்களே. அதுக்குக் கோவம் வராம இருக்குமா?" என்று துண்டால் காதைத் துடைத்துக்கொண்டார். "இப்ப மாடிக்குப் போவாதீங்க. நாம நின்னுகினு இருந்தா அது வராது."

வீட்டுக்குள்ளிருந்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கூட்டில் தாய் இல்லை. ஒரு காக்கை வந்து உட்கார்ந்து, கூட்டை நோக்கித் தத்தித் தத்திப் போனது. எனக்கு உயிரே போய்விட்டது. திடீரென்று அது அலறிக்கொண்டு பறந்தது. பின்னாலேயே அம்பு மாதிரி வல்லூறு. காக்கையைத் தெருக்கோடி வரை விரட்டிவிட்டு வந்து கூட்டின் விளிம்பில் உட்கார்ந்தது. தலையைச் சாய்த்து, மேலே புதிதாகக் கவிந்திருந்த இலைகளைப் பார்த்தது. பிறகு உடம்பைச் சிலுப்பிக்கொண்டு குஞ்சுகளின் பக்கத்தில் சிறகை மடக்கி அமர்ந்தது.

எதிர்ச்சுவர் ஓரமாக நின்று அதைப் பார்த்துவிட்டுத்தான் அவர் சாப்பிடப் போனார். மூன்று குஞ்சுகளும் ஜூனில் பறந்துவிட்டன.

செய்த தப்புக்காக வருத்தப்படுவது எனக்கு எப்போதும் உள்ள பழக்கம்தான். வருத்தத்தை ஓரமாக வைத்துவிட்டு முதலில் எழுந்து போய் அதைச் சரிசெய்ய வேண்டும் என்பதை அந்த ஒரு மதியத்தில் அந்த மனிதரைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன்.