ஜவ்வாது பூசிய கேமரா

சான் ஹோசேக்குத் தெற்கே ஃப்ரீவேக்கு அடியில் ஒரு மழைநீர்க் குழாய் போகிறது. ஆள் குனிந்து நுழையலாம். அதை வலை போட்டு அடைத்துவிடலாம் என்று அதிகாரிகள் யோசித்துக்கொண்டிருந்தார்கள். பாப்கேட் என்ற காட்டுப்பூனை அந்த வழியாகத்தான் மலைக்குப் போய்வருகிறது என்று எங்கள் தன்னார்வக் குழு சொன்னது. படம் காட்டுங்கள், ஆறு வாரம் தருகிறோம் என்றார்கள். காட்டாவிட்டால் அது எட்டு வழிச் சாலையின் மேலே ஓட வேண்டியதுதான். அப்படி ஓடிய ஒன்றை ஒருநாள் ஆபீஸ் போகிற வழியில் சாலையோரம் பார்த்தேன். கட்டை வால் மட்டும்தான் அடையாளம் தெரிந்தது. அந்த ஆத்திரத்தில்தான் நான் குழுவிலேயே சேர்ந்தேன்.

கேமராவைப் பொருத்தும் வேலையை எனக்குக் கொடுத்தார்கள். மீன், கோழி, வாசனைப் பொருள் எதையும் வைத்து மிருகத்தை வரவழைக்கக் கூடாது என்ற தாளில் கையெழுத்தும் போட்டேன். மறுநாள் ஆயுத பூஜை. லேப்டாப், கார் சாவி, மிக்ஸி வரிசையில் கேமராவையும் வைத்தேன். எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். சந்தனத்தில் ஊரிலிருந்து வந்த ஜவ்வாதைத் தாராளமாகக் குழைத்திருந்தேன். லென்ஸில் படாமல் பூசினேனே என்று என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

குழாயின் வாயில் கட்டிவிட்டு, மூன்றாவது வாரம் மெமரி கார்டை எடுத்து வந்து நானும் கணவரும் பார்த்தோம். முதல் படத்தில் ஒரு மூக்கு. அடுத்ததில் கன்னம். அப்புறம் முப்பது படத்துக்கு வெறும் ரோமம். பாப்கேட் கேமராவைக் கட்டிக்கொண்டு கொஞ்சியிருந்தது. நான் சோபாவில் ஏறிக் குதித்தேன். படங்களைக் குழுவுக்கு அனுப்பினேன். அதை நடத்தும் அமெரிக்கப் பெண்மணி போனில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். கேமராவில் ஏதாவது தடவினீர்களா?

அப்போதுதான் ஜவ்வாது வாசனை நினைவுக்கு வந்தது. பிறகு கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டேன்.

"அவங்களுக்கு ஜவ்வாதுன்னா என்னன்னே தெரியாது. நீ ஏன் வாயத் தொறக்கற?" என்றார் என் கணவர்.

"நான் டெஸ்டிங்ல இருக்கேங்க. ஊர்ல இருக்கிறவன் கோடெல்லாம் ரிஜெக்ட் பண்ணிட்டு, இதுக்கு மட்டும் பொய் ரிப்போர்ட் குடுக்கணுமா?"

வாய் இப்படிப் பேசியதே தவிர, மனசு அவர் சொன்னதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது. இருந்தாலும் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். ஆயுத பூஜையை விளக்கவே கால் மணி நேரம் ஆயிற்று. மிக்ஸிக்கு எதற்குப் பொட்டு என்று அவர் உண்மையான அக்கறையுடன் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு, அத்தனை படமும் செல்லாது என்றார். திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

வேறு கேமரா கொடுத்தார்கள். கையுறை போட்டு, குழாயின் மறுவாயில் கட்டினேன். நான்காவது வாரம் ரக்கூன் என்ற வேறொரு மிருகம். ஐந்தாவது வாரம் காற்றில் பறந்து வந்த ஒரு பிளாஸ்டிக் பை. பக்தியில் தடவிய ஜவ்வாதாலேயே ஒரு ஜீவனின் வழியை அடைத்துவிட்டேன் என்று சாப்பாடு இறங்கவில்லை.

கடைசி ஞாயிறு காரில் உட்கார்ந்தே கார்டைப் பார்த்தோம். குழாயிலிருந்து பாப்கேட் வெளியே வருகிறது. அடுத்த படத்தில் தலை நிமிர்ந்து நடக்கிறது. அதற்கடுத்ததில் கட்டை வால் மட்டும், மலைப் பக்கமாக.

"கேமராவ திரும்பிக்கூட பாக்கலயே" என்றார் கணவர்.

ஆமாம், பார்க்கவில்லை. ஒருவர் என்னைச் சட்டை செய்யாமல் போனதற்காக ஆனந்தத்தில் அழுதது என் வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.