தொப்பியைச் சரிசெய்துவிட்டு விழுந்தவன்

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் வெல்டாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஃபேர்ஃபாக்ஸ் தெருவில் இருக்கும் சின்னத் தியேட்டரில் பேசாப்படக் காலத்துச் சிரிப்புப் படம் ஒன்றைத் திரும்பவும் ஓட்டுகிறார்கள். அதில் கதாநாயகன் காதலிக்குக் குனிந்து குனிந்து வணக்கம் சொன்னபடி பின்னால் நடந்து, பால்கனியிலிருந்து விழுந்துவிடுவான். ஊர் உலகத்துக்கு, விழுந்தது அந்தக் கதாநாயக நட்சத்திரம். நிஜத்தில் விழுந்தது வெல்டாவின் புருஷன் லைமன். நட்சத்திரங்களுக்குப் பதிலாக முகம் தெரியாமல் விழுவதுதான் அவன் வேலை. கீழே போட்டிருந்த மெத்தை விலகிப்போய் இடுப்பு நொறுங்கியது. அதோடு ஹாலிவுட் அவனை மறந்துவிட்டது.

இப்போது படுத்த படுக்கை. படம் எங்கே ஓடினாலும் வெல்டா போய்விட்டு வரவேண்டும். வந்ததும் அவன் கேட்பது ஒன்றுதான்: "சிரிச்சாங்களா?" பொய் சொன்னால் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவான். பாழாய்ப்போன அந்தக் கேள்வியில்தான் மனுஷனுக்கு உயிர் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

முதல் காட்சியில் ஒருவரும் சிரிக்கவில்லை. விளிம்பில் தள்ளாடும்போது அவன் தொப்பியைச் சரிசெய்துகொள்வான்; லைமன் சொந்தமாகச் சேர்த்தது அது. சிரிப்பே அங்கேதான் இருக்கிறது. இன்றைக்கு அந்தத் தொப்பி யார் கண்ணிலும் பட்டிருக்காது. பேசும் படத்தை ஓட்டுகிற வேகத்தில் இதையும் ஓட்டியிருக்கிறார்கள்!

விறுவிறுவென்று படியேறி ஆபரேட்டர் அறைக் கதவைத் தட்டினாள்.

"என்ன தம்பி இந்த ஓட்டம்? வீடு பத்திக்கிட்டு எரியுதா?"

ஆபரேட்டர் கார்வர் சாண்ட்விச்சும் கையுமாகத் திரும்பினான். "பழைய படம்னா அப்படித்தாம்மா குதிக்கும்."

"குதிக்காது. அப்பல்லாம் கையால சுத்தி மெதுவா எடுத்தாங்க. வேகத்தைக் குறைக்கிற திருகு இருக்குல்ல?"

"இருக்கு. படம் முடிய நேரமாகும், முதலாளி திட்டுவாரு."

"திட்டை நான் வாங்கிக்கிறேன். நீ திருகு."

அடுத்த காட்சியில் அந்த இடம் நெருங்கியதும் வெல்டா எழுந்து சுவரோரம் போய், திரைக்கு முதுகைக் காட்டி நின்றாள். நகத்தைக் கடித்தபடி முகங்களையே பார்த்தாள். முதலில் ஒரு குண்டு மனிதரின் தோள் குலுங்கியது. ஒரு பெண் பாப்கார்னைக் கொட்டிவிட்டாள். அப்புறம் தியேட்டரே அதிர்ந்தது. படம் வந்தபோது பிறந்தேயிராதவர்களெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மல்லாக்க விழப்போகிறவன் மரியாதையை மட்டும் விடமாட்டேன் என்று நிற்பதைப் பார்த்தால் எந்தக் காலத்து மனுஷனுக்குத்தான் சிரிப்பு வராது!

டிராமை விட்டு இறங்கியதும் வீடுவரை ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

"சிரிச்சாங்க லைமன்! கூரை பிய்ச்சுக்கிட்டுப் போச்சு!"

அவன் அவளையே பார்த்தான். "நீ சிரிச்சியா?"

இத்தனை வருஷத்தில் கேட்காத கேள்வி. அவள் கைப்பையைக் கீழே வைத்தாள். "நான் பார்த்ததே இல்ல. அந்த இடம் வந்தா திரும்பிக்குவேன். அப்புறம் உனக்கு என்ன ஆச்சுன்னு தெரிஞ்சவ எப்படிச் சிரிப்பா?"

லைமன் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"நாளைக்கும் ஓடுதுல்ல? போய்ப் பாரு வெல்டா. வலியெல்லாம் கீழ வந்தப்புறம்தான். விழுந்தது நல்லாத்தான் விழுந்தேன்."