வல்க்ரூஸ் வாயில்காரியின் நெருப்பு

செலி எரிகிற கட்டைகளை இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்துத் தண்ணீர் வாளியில் அமுக்கிக்கொண்டிருந்தாள். வெளியே பனி கொட்டியது. வாயில் கோபுரத்து வீட்டில், கணப்பை ஒட்டிய கட்டிலில் அவள் புருஷன் அன்செல்ம் மூச்சுக்குத் தவித்துக்கொண்டு கிடந்தான். அவனைத் துடைத்து, புரட்டிப் படுக்கவைக்கத்தான் நகராட்சி என்னைத் தினமும் அனுப்பியது.

"புத்தி பிசகிடுச்சா செலி? நுரையீரல் பாதி போன ஆளு. விறைச்சுப் போயிடுவான்."

"புது மதாம் இன்னிக்கு வர்றாங்க. மேல பெரிய கூடத்துல அவங்க நெருப்பு மூட்டுற வரைக்கும் கோட்டையில வேற நெருப்பு இருக்கக் கூடாது."

"அவங்க கேட்டாங்களா?"

"கேட்டுத்தான் செய்யணுமா?"

வல்க்ரூஸ் கோட்டை கைமாறும் நாளில் எல்லா அடுப்பும் அணையும். வாங்கியவர் பெரிய கூடத்துக் கணப்பை மூட்டி, அதிலிருந்து தணல் எடுத்து வாயில் கோபுரத்துக்குத் தருவார். தந்தால் வாயில்காரக் குடும்பம் இருக்கலாம். தராவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். ஆற்றுத்துறையைக் காக்க இதைக் கட்டிய பிரபுக்கள் ஆங்கிலேயரிடம் இழந்தார்கள். பிறகு ஒரு கத்தோலிக்க ஆயர் வைத்திருந்தார். பிரெஞ்சுப் புரட்சியில் ஒரு தானிய வியாபாரி ஏலத்தில் எடுத்தான். அவன் வாரிசுகள் ரயில்வே தொழிற்சங்கத்துக்கு விற்றார்கள். எல்லோரும் தணல் தந்தார்கள் என்பது செலியின் கட்சி. ஆயர் தந்ததை யார் பார்த்தது என்று நான் கேட்டதில்லை.

அவள் மாவு ஆலையில் வேலை செய்துகொண்டிருந்து, இங்கே மருமகளாக வந்தவள். காலையில் வாயிலைத் திறந்தாள், மாலையில் சாத்தினாள். கோடை விடுமுறைக்கு வந்த தொழிலாளர் பிள்ளைகளின் படுக்கை விரிப்புகளைத் துவைத்தாள். சங்கம் கைவிட்ட பிறகு, செதுக்குக் கற்களைப் பெயர்க்க வந்தவர்களை வைக்கோல் வாரும் கவைக்கோலோடு விரட்டினாள்.

இப்போது கோட்டையை வாங்கிய புது மதாம் தாவெர்னோ, லியோன் துணி வியாபாரியின் விதவை. ஈஸ்டருக்குள் கோபுரம் காலியாக வேண்டும், கோட்டையைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு அங்கே டிக்கெட் விற்கப்போகிறேன் என்று நோட்டரியிடம் சொல்லியிருந்தாள். மேலே எண்ணெய் வெப்பக் கருவி வந்துவிட்டது. அவளுக்கு எதற்கு விறகு?

இருட்டியது. தணல் வரவில்லை. அன்செல்மின் உதடு நீலம் பாரித்தது. நான் தீப்பெட்டியை எடுத்தேன். அவனே தலையசைத்து மறுத்தான். கோட்டையை வாங்கியவர் தணல் தராமல் அந்த வீட்டில் தீ மூட்டினால் திருட்டாம். இரண்டு கம்பளியை அவன்மேல் போட்டுவிட்டு மேலே போனேன்.

விஷயத்தைச் சொன்னதும் மதாம் திகைத்தாள்.

"தாராளமா மூட்டிக்கச் சொல்லுங்க. நானா வேண்டாம்னேன்?"

"நீங்களே இங்க மூட்டித் தணல் தரணும். தந்தா அவங்க இங்கேயே இருப்பாங்க. அந்த எண்ணம் இல்லேன்னா தராதீங்க மதாம். சாகக் கிடக்குறவரை ஏமாத்த வேணாம்."

"எவ்வளவு காலத்துக்கு?"

"அவருக்குச் சில வாரம். அவளுக்கு இருபது வருஷம்கூட ஆகலாம். திடமான உடம்பு."

"ஈஸ்டருக்குக் காலி பண்றதா நோட்டரி சொன்னாரே."

"நோட்டரி சொன்னாரு. செலி சொல்லல."

அவள் ஜன்னலருகே போய், வெளிச்சமில்லாத கோபுரத்தைப் பார்த்தாள்.

"டிக்கெட்டை வண்டிக் கொட்டகையில வித்துக்கலாம்," என்றாள். "விறகு எங்க இருக்கு?"

புகைபோக்கியில் காக்கைக் கூடு. கூடமெல்லாம் புகை. இருமிக்கொண்டே ஊதி ஊதி மூட்டினாள். எனாமல் சட்டியில் தணலை எடுத்துக்கொண்டு, நகரத்துச் செருப்போடு பனியில் இறங்கினாள். விழாமலிருக்க அவள் முழங்கையை நான் பிடித்துக்கொண்டேன்.

செலி கதவைத் திறந்து நின்றாள்.

"மூஞ்சியெல்லாம் கரி, மதாம்."

"உங்க காக்காவால வந்த வினை!"

"எங்க காக்கா இல்ல. சங்கத்துக்காரங்க காலத்துல கூடு கட்டினது. உள்ள வாங்க, கதவைச் சாத்தணும்."

மதாமே தணலைக் கணப்பில் கொட்டினாள். செலி சுள்ளி வைத்தாள். அன்செல்ம் நெருப்பின் பக்கம் முகத்தைத் திருப்பினான்.

மறுநாள் காலை வெந்நீர் போட்டு அவனுக்கு முகம் மழித்துவிட்டேன். செலி மண்வாரியோடு போய் வாயிலில் குவிந்த பனியைத் தள்ளி, இரண்டு கதவுகளையும் திறந்துவைத்தாள். பிறகு நீளக் கழி ஒன்றைத் தேடி எடுத்துக்கொண்டு, கூட்டைக் கலைக்க மேலே போனாள்.