வயிற்றில் போட்ட ஊதாக் கோடு

பீர்க்கன்கரணைத் தனக்கோடி, புருஷனை எவளாவது ஏறிட்டுப் பார்த்தாலே இரண்டு நாள் சோறு இறங்காதவள். அவளுக்கா இப்படி ஒரு சோதனை வரணும்! தொண்ணூற்றெட்டாம் வருசம் புருஷன் சம்பந்தத்துக்குக் கல்லீரலில் கட்டி என்றார்கள். பெரிய ரத்தக்குழாயை ஒட்டிக் கிடக்கிறது, கத்தி வைக்க முடியாது, கட்டியை மட்டும் குறிபார்த்துக் கதிர் பாய்ச்சி, அதாவது கரண்டு வைக்கிறோம் என்றார் டாக்டர்.

அந்தக் குறியைப் போட்டவள் பியூலா, மிஷின் அறையில் வேலை செய்கிற பெண். தொப்புளுக்கு மேலே ஊதா மையால் நாலு கோடு, ஒரு கூட்டல் குறி. "முடியற வரைக்கும் அழியக் கூடாதுண்ணா" என்றாளாம். வாரத்தில் ஐந்து நாள் தாம்பரத்தில் ரயிலேறிப் போய்வந்த மனுசனுக்கு வீட்டுக்கு வந்தால் அவள் பேச்சுதான்.

"பியூலா மூச்ச மெல்ல விடச் சொல்லிச்சு. அது கை எவ்ளோ ஜில்லுனு கீது தெரியுமா!"

முப்பது வருசமாக இவள் எண்ணெய் தேய்த்துவிட்ட வயிறு. அதில் இன்னொருத்தி கோலம் போட்டிருக்கிறாள்!

சனிக்கிழமை வந்தது. கரண்டு வைத்த உடம்பு, சூடு தணியட்டும் என்று நல்லெண்ணெய் வைத்து, சீயக்காய் போட்டு அழுத்தித் தேய்த்தாள். சூடு ஒரு சாக்கு. தண்ணீர் ஊதாவாக ஓடியது.

"இன்னாடி பண்ணிட்ட! அத்த வச்சித்தான கட்டியக் குறிபாக்கறாங்க!"

"அவ போட்டாத்தான் கோடா? எங்க இருந்துச்சின்னு எனக்குத் தெரியாதா?"

திங்கட்கிழமை காலை ஊதா ஸ்கெட்ச் பேனாவால் அவளே போட்டாள். ஆஸ்பத்திரியில் இதைச் சொல்லச் சம்பந்தத்துக்கு மனசில்லை. சொன்னால் பொண்டாட்டி மானம் போகுமே. அவளும் கூடவே கிளம்பினாள்.

ஆஸ்பத்திரியில் அவரைப் படுக்க வைத்துவிட்டு பியூலா வெளியே வந்தாள். "பயப்படாதீங்கக்கா. கோட்டுக்கு இந்தப் பக்கம் குடல், அந்தப் பக்கம் நல்ல ஈரல். ஒரு விரக்கடைகூடத் தப்பாம கட்டியில மட்டும் படும்."

ஒரு விரற்கடையா! தான் போட்டது எத்தனை விரற்கடை தள்ளியோ? போயும் போயும் இவளிடமா தலைகுனிவது? பியூலா உள்ளே திரும்ப, கனத்த கதவு பாதி மூடிவிட்டது.

"ஏய், நிறுத்து! அது உன் கோடு இல்ல. நான் போட்டது. உன்னுத அழிச்சிட்டேன்."

"ஏங்க்கா?"

"நீ போட்டது எனக்குப் புடிக்கல."

டாக்டர் வந்து தாளித்துக் கொட்டினார். பழைய படங்களை வைத்து மறுபடி அளந்து குறிபோட இரண்டு நாள் ஆனது. சரியான இடம் இவள் கோட்டுக்கு இரண்டு விரல் கீழே இருந்தது. அளக்கும்போது தனக்கோடி மேசையை விட்டு நகரவே இல்லை.

"போடு. ஆனா சட்டுனு போட்டுக் கைய எடு."

சம்பந்தத்துக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"சிரிக்காதீங்கண்ணா, வயிறு ஆடுது" என்றாள் பியூலா.

சட்டென்று அடங்கிவிட்டார். இத்தனை வருசத்தில் தனக்கோடி சொல்லி எதையாவது அப்படி உடனே கேட்டிருப்பாரா அந்த மனுசன்?