ஸ்டோர் ரூமில் ஒரு லத்தீன் கல்

போன ஞாயிற்றுக்கிழமை, காரின் குளிர்கால டயர்களை மாற்ற, வேறு டயர் எடுக்கக் கீழ்த்தளத்து ஸ்டோர் ரூமுக்குப் போன என் கணவர், போன வேகத்தில் திரும்பி வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"கீழ ஒரு கல்லறை இருக்கு" என்றார்.

"தெரியும். டயரை அது மேல சாய்ச்சிடாதீங்க" என்றேன்.

கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னை அப்படிப் பார்த்ததில்லை. பாவம், மார்ச் முழுக்க அவர் கோயம்புத்தூரில் இருந்தார். ஊரிலிருந்து வந்த மனுஷனிடம் நான் சொல்ல வேண்டியது நிறைய இருந்தது... எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் தள்ளிப்போட்டுவிட்டேன்.

நீங்களும் பயப்படாதீர்கள். அசல் கல் இல்லை. தெர்மோகோலை வெட்டி, மேலே பிளாஸ்டர் பூசி, சாம்பல் நிறம் அடித்தது. ஒரு கையால் தூக்கிவிடலாம்.

எங்கள் பக்கத்து வீடு சுகந்தி அக்கா வீடு. கிளிநொச்சிப் பக்கத்துக்காரர். நார்வேயில் நாங்கள் இருக்கும் ரொம்சோஸில், இந்த பிளாக்குக்கு எங்களுக்கு ரொம்ப காலம் முன்பே வந்தவர்கள். அக்காவுக்கு முதியோர் இல்லத்தில் வேலை. கணவர் பஸ் ஓட்டுகிறார். இரண்டு பெண்கள். மூத்தவள் ஆரணி, மேல்நிலைப் பள்ளியில் கடைசி வருஷம். எண்ணிப் பார்த்தால் நான்கு பேர். ஆனால் கீழே, குடியிருப்பவர்கள் எல்லோர் பெயரையும் ஒட்டிவைக்கும் தபால் பெட்டியில், ஐந்து பெயர்!

குடிவந்த புதிதில் நான் சும்மா இருந்திருக்கலாம். வாய் சும்மா இருக்குமா?

"அஞ்சாவது யாருக்கா?"

"தம்பி."

"வேலைக்கு வெளியூர் போயிருக்காரா?"

"இன்னும் வரேல்லை" என்றார். அதோடு கதவைச் சாத்திக்கொண்டார்.

பிறகு மெல்ல மெல்லத் தெரிந்தது. சிவநேசன். போரின் கடைசி மாதங்களில் காணாமல் போனவர். அதற்குச் சற்று முன்பு ஒரே ஒரு முறை ஃபோனில் கிடைத்திருக்கிறார். அக்கா இந்த வீட்டு விலாசத்தைச் சொல்ல, அந்தப் பக்கத்தில் அவர் எழுத்து எழுத்தாகத் திருப்பிச் சொல்லி எழுதிக்கொண்டாராம். அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை.

அதனால் அக்கா வீடு மாற மாட்டார். இதே ஊரின் மறுகோடியில், பியோர்ண்டாலில் ஒரு வரிசை வீட்டைப் பார்த்துவிட்டு வந்து அவர் கணவர் தலைகீழாக நின்றார். அங்கே ஆளுக்கொரு அறை, சின்னதாகத் தோட்டம்கூட உண்டு. இங்கே இரண்டு பெண்களும் ஒரே அறையில் முட்டி மோதிக்கொண்டு கிடக்கிறார்கள். ஆரணி பாதிப் படிப்பை மெட்ரோ ரயிலில்தான் படிக்கிறாள். அக்காவிடம் எல்லாவற்றுக்கும் ஒரே பதில் — "அவன்ரை கையிலை இருக்கிறது இந்த அட்ரஸ். நான் எங்கை போறது?"

இத்தனைக்கும் அவருடைய வேலையே சாவோடுதான். முதியோர் இல்லத்தில் யாராவது இறந்தால் உடம்பைத் துடைத்து, முடி சீவி, இந்த ஊர் வழக்கப்படி ஜன்னலைத் திறந்து வைப்பது அவர்தான். கண்ணால் பார்த்த சாவுகளை எல்லாம் அவர் தைரியமாக எதிர்கொள்வார். பார்க்காத சாவை மட்டும் நம்ப மாட்டார். நம்பச் சொல்ல நமக்கு என்ன உரிமை?

சரி, கல்லுக்கு வருகிறேன்.

ஆரணி பள்ளியில் லத்தீன் படிக்கிறாள். லத்தீனா? நானும் அப்படித்தான் கேட்டேன். இங்கே சில பள்ளிகளில் சொல்லித் தருகிறார்கள். அக்கா முதலில் திகைத்து, பிறகு 'டொக்டருக்குப் படிக்க உதவும்' என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டார். நம் வீடுகளில் எந்தப் படிப்பையும் கடைசியில் ஸ்டெதஸ்கோப்பில் கொண்டுபோய் முடிச்சுப் போட்டுவிடுவோம் இல்லையா?

மார்ச்சில் ஒரு போட்டி. லத்தீன், கிரேக்கம் படிக்கும் மாணவர்களுக்கு. மொழிபெயர்ப்பு, வாய்விட்டு வாசித்தல், அது போக, அந்தப் பழைய உலகத்தை வைத்து ஓவியம், சிற்பம், எழுத்து. ஆரணி எடுத்தது ரோமானியக் கல்லறைக் கல். கல்லையும் செய்ய வேண்டும், அதில் வரும் வாசகத்தையும் சொந்தமாக லத்தீனில் எழுத வேண்டும்.

"சின்னப் போட்டி அம்மா. நீங்கள் வரத் தேவையில்லை" என்று வீட்டில் சொல்லியிருக்கிறாள்.

போட்டி என்று காதில் விழுந்த பிறகு எந்தத் தமிழ் அம்மா வீட்டில் உட்கார்ந்திருப்பார்? தமிழ்ப் பள்ளியின் பேச்சுப் போட்டி, திருக்குறள் போட்டி என்று எத்தனை சனிக்கிழமைகளை முன்வரிசையில் கழித்தவர் அவர்! பட்டுச்சேலை கட்டி, மேலே குளிர் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு என் கதவைத் தட்டினார். கணவருக்கு டியூட்டி. கார் இருப்பது என்னிடம்.

நானும் உற்சாகமாகத்தான் கிளம்பினேன். பள்ளி நாட்களில் வினாடி வினாவில் வாங்கிய சோப்பு டப்பாவை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிற ஆள் நான்.

போய்ப் பார்த்தால் பள்ளி நூலகத்தில் பத்திருபது நாற்காலிகள். ஒரு மேஜையில் காபி, வாஃபிள். குத்துவிளக்கு இல்லை, பிரதம விருந்தினர் இல்லை. "மைக்கும் இல்லையே..." என்று அக்கா என் காதில் சொன்னார். அவருக்கு மகளுக்காகக் கொஞ்சம் வருத்தம்.

ஜன்னலோரம் பிள்ளைகள் செய்த கற்களை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். ஒன்று, செத்துப்போன நாய்க்கு. ஒன்று, யாரோ ஒரு கற்பனை வாள்வீரனுக்கு. ஒரு பையன் தண்ணீரில் விழுந்த தன் செல்ஃபோனுக்குக் கல் வைத்திருந்தான். அதைப் பார்த்து நாங்கள் இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். சிரித்துக்கொண்டே அடுத்த கல்லுக்கு நகர்ந்தோம்.

SIVANESAN.

பெரிய எழுத்து. நன்றாக ஆழமாகச் செதுக்கியது. அதற்குக் கீழே SUGANTHI என்றும் ஒரு பெயர்.

அக்கா அதை விரலால் தொட்டார். பிறகு ஜாக்கெட்டின் ஜிப்பைக் கழுத்து வரை இழுத்துவிட்டுக்கொண்டார். "வாங்கோ, போவம்" என்றார். அதற்குள் ஆரம்பித்துவிட்டார்கள். ஆரணி அம்மாவைப் பார்த்துவிட்டாள். அவள் முகம் போன போக்கை என்னால் மறக்க முடியவில்லை. நான் அக்காவின் கையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

ஆரணி முறை வந்தது. லத்தீனில் வாசித்தாள். நடுவராக வந்திருந்த வயதான ஆசிரியை மிகவும் அன்பாகத்தான் கேட்டார் — எல்லாம் அழகாக இருக்கிறது, ஆனால் ரோமானியர்கள் இறந்தவர் எத்தனை வருஷம் வாழ்ந்தார் என்று கல்லில் எழுதுவார்களே, நீ 'வாழ்ந்தது' என்று போட்டுவிட்டு அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறாய், மறந்துவிட்டாயா?

"மறக்கவில்லை. எங்களுக்குத் தெரியாது" என்றாள் ஆரணி, நார்வேஜியனில்.

காபி மெஷின் மட்டும் கரகரவென்று ஓடிக்கொண்டிருந்தது.

இரண்டாம் பரிசு கொடுத்தார்கள். அக்கா கைதட்டவில்லை.

காரில் ஆரணி பின்னால், மடியில் கல்லோடு. பிறகு பின்சீட்டைத் திரும்பிப் பார்க்காமலே அக்கா கேட்டார்.

"ஆரைக் கேட்டு அவனுக்குக் கல்லு வச்சனீ?"

"அது பள்ளிக்கூட வேலை அம்மா."

"உயிரோடை இருக்கிறவனுக்கு ஆராவது கல்லு வைப்பினமோ?"

"அவர் உயிரோடை இருக்கிறார் எண்டு ஆர் சொன்னது?"

"செத்திட்டான் எண்டு ஆர் சொன்னது?"

நான் சாலையையே பார்த்து ஓட்டினேன். வேறென்ன செய்ய?

வீட்டு வாசலில் அக்கா ஒரே வார்த்தைதான் சொன்னார். அந்தக் கல் தன் வீட்டு நிலைப்படியைத் தாண்டக் கூடாது. அப்படித்தான் அது என் ஸ்டோர் ரூமுக்கு வந்தது. நானும் ஆரணியும்தான் இறக்கி வைத்தோம்.

"தமிழிலை எழுதினா அம்மா வாசிப்பா. நோர்வேஜியனிலை எழுதினாலும் வாசிப்பா. லத்தீன் எங்கட வீட்டிலை ஒருத்தருக்கும் விளங்காது எண்டு நினைச்சிட்டன் அன்ரி" என்றாள்.

"பேரு எல்லாருக்கும் புரியுமேம்மா."

"ஓம். அம்மா வருவா எண்டு நான் நினைக்கேல்லை." கண்ணைத் துடைத்துக்கொண்டு, கல்லின் கடைசி வரியைக் காட்டினாள். "ரோமன் கல்லுகளிலை முடிவிலை ஒரு ஆசை எழுதுவினம். மண் உன்னிலை பாரமாக் கிடக்கக் கூடாது எண்டு. எனக்கு அது நல்லாப் பிடிக்கும்."

பத்து நாளுக்கு மேல் அம்மாவும் பெண்ணும் பேசிக்கொள்ளவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் இத்தனை அமைதியாக இருந்து நான் கண்டதில்லை. சாதாரணமாக அங்கே மிக்ஸி, டிவி, சண்டை எல்லாம் ஒன்றாகக் கேட்கும்.

பிறகு ஒருநாள் வேலை முடிந்து வந்த கையோடு அக்கா என் வாசலில் நின்றார். யூனிஃபார்மைக்கூட மாற்றவில்லை. "அதை ஒருக்காப் பாக்கலாமோ?"

சாவியை எடுத்துக்கொண்டு நானும் இறங்கினேன். கல்லின் முன்பக்கத்தை அவர் பார்க்கவே இல்லை. திருப்பினார். பின்னால் போட்டிக்காக நார்வேஜியன் மொழிபெயர்ப்பை ஆரணி ஒட்டியிருந்தாள். அக்கா மெதுவாக வாசித்தார். அவர் தோளுக்கு மேலாக நானும் வாசித்தேன். தமிழில் சொன்னால் ஏறக்குறைய இப்படி வரும்:

*சிவநேசன். சுகந்தியின் தம்பி. வாழ்ந்தது — . இந்தக் கல்லுக்குக் கீழே அவர் இல்லை. காத்திருக்கிறவர்கள்தான் இருக்கிறோம். மண்ணே, எங்கள் மேல் பாரமாகக் கிடக்காதே.*

அக்கா கடைசி வரியைத் திரும்ப வாசித்தார். இன்னொரு முறையும் வாசித்தார்.

"செத்தவைக்குச் சொல்லுறதெல்லே இது?"

"ஆமாக்கா. அப்படித்தான் ஆரணி சொன்னா."

"எங்களுக்குச் சொல்லியிருக்கிறாள்." அடுக்கி வைத்திருந்த டயர் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "பிள்ளைக்கு இவ்வளவு பாரமாவோ இருந்தது? நான் கவனிக்கேல்லையே..."

இத்தனை வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். தேற்ற எனக்கு ஒரு வார்த்தையும் வரவில்லை. வாரா வாரம் இந்தப் பக்கத்தில் இத்தனை வார்த்தை எழுதுகிறேன்... என்ன பிரயோஜனம்?

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. பியோர்ண்டாலில் அதே தெருவில் இன்னொரு வீடு விலைக்கு வந்தது. இந்த முறை அக்கா வேண்டாம் என்று சொல்லவில்லை. போன வாரம் பால் காய்ச்சிக் குடிபோய்விட்டார்கள். பால் காய்ச்சப் போகிற வீட்டுக்குக் கல்லறைக் கல்லோடு போக முடியுமா? அது என்னிடமே தங்கிவிட்டது.

சந்தோஷமான முடிவுதானே என்று கேட்பீர்கள். நானும் ஆரணியிடம் ஃபோனில் அப்படித்தான் கேட்டேன். தனி அறை கிடைத்த பெண், துள்ளுவாள் என்று நினைத்தேன்.

"தெரியேல்லை அன்ரி. சாமான் ஏத்தின வான் திரும்பும்மட்டும் அம்மா பில்டிங்கையே பாத்துக்கொண்டு வந்தவ" என்றாள். "என்னாலைதான் எண்டு நினைக்கக் கஷ்டமா இருக்கு."

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சாமான் ஏற்றிய அன்று, எல்லோரும் வேனில் ஏறிய பிறகு, அக்கா மட்டும் திரும்பி வந்தார். தபால் பெட்டியிலிருந்து கழற்றிய சிவநேசனின் பெயர்ப்பட்டை கையில் இருந்தது.

"தங்கச்சி, இதை உங்கட பெட்டியிலை ஒட்டினால் உங்களுக்குக் கரைச்சலோ? ஆரும் வந்து கேட்டால் எங்கட புது அட்ரஸைச் சொல்லிவிடுங்கோ. அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்றார். நானும் சரி என்றுவிட்டேன். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு வேறு என்ன சொல்வீர்கள்?

ஆக, இப்போது எங்கள் தபால் பெட்டியில் மூன்று பெயர். கணவர் இதையும் கேட்டார். உட்கார வைத்து முழுக்கச் சொன்னேன். மனுஷன் எழுந்து ஸ்டோர் ரூம் சாவியை எடுத்தார். பிறகு கீழே போய், டயர்களைக் கல்லுக்குச் சற்றுத் தள்ளி அடுக்கிவிட்டு வந்தார்.

நான் அந்த மனிதரைப் பார்த்ததுகூட இல்லை. இருந்தாலும் நேரங்கெட்ட நேரத்தில் காலிங் பெல் அடித்தால், கையிலிருப்பதைப் போட்டுவிட்டு எழுந்துவிடுகிறேன். ஓடிப்போய்த் திறக்கிறேன். பார்சல் கொண்டுவந்த பையன் நிற்கிறான். எனக்கு ஏமாற்றமாக இருக்கிறது. நிஜமாகவே ஏமாற்றம்!

ஆபீஸில் பேர்கன் நகரத்துக்கு மாறிக்கொள்ளச் சொல்லி மெயில் வந்திருக்கிறது. கூடச் சம்பளம், கடல் தெரியும் வீடு. போன மாதம் வந்திருந்தால் அன்றைக்கே பெட்டி கட்டியிருப்பேன். இன்னும் பதில் போடவில்லை.

காரணம் கேட்டால் என்ன எழுதுவது... வீட்டுக்கு ஒருவர் வர வேண்டியிருக்கிறது என்றா?