புரோட்டானுக்குக் கற்பூரம்

எங்கள் வெல்டிங் பட்டறையிலிருந்து எது வெளியே போனாலும் பொட்டு வைத்து, கற்பூரம் காட்டித்தான் அனுப்புவேன். டிராக்டர் டிப்பரோ, ஆசிரமத்துப் பக்கம் லாட்ஜுக்குப் போகும் இரும்புக் கதவோ, எல்லாவற்றுக்கும் ஒரே மரியாதை. முதலாளி பாய் குறுக்கே நிற்கமாட்டார். "உன் சாமி, உன் இஷ்டம். ஷெட்ட மட்டும் கொளுத்திடாத" என்பார்.

பள்ளிக்கூடத்தில் என்னைப் பெரும்பாலும் வெளியேதான் நிற்க வைத்தார்கள். எதிரே இந்தப் பட்டறை. நின்றபடியே வெல்டிங் பார்த்ததில் படிப்பு ஏறவில்லை, கண் மட்டும் சிவந்தது. அந்தத் தகுதியோடுதான் புரோட்டான் இன்ஜெக்டர் வேலையில் இறங்கினேன்.

ஆராய்ச்சிக்கூடத்து இன்ஜினியர் மேடம் சொன்னதில் என் மண்டைக்குள் போனது இவ்வளவுதான். ஹைட்ரஜன் வாயுவிலிருந்து புரோட்டானைப் பிரித்து, அதை வேகமாக ஓடவிடும் நீளமான இயந்திரத்துக்குள் முதல் தள்ளு தள்ளிவிடுவது இன்ஜெக்டர். அவர்களுடைய பழைய இன்ஜெக்டரில் ஒரு கம்பி பழுத்து எரியும். அது அறும்போதெல்லாம் மொத்த இயந்திரமும் படுத்துவிடும். புதியதில் கம்பியே கிடையாது, மைக்ரோவேவ் அடுப்பு மாதிரி அலையே வேலையைப் பார்த்துக்கொள்ளும். அதற்கான எஃகுக் கூட்டைத்தான் எங்களிடம் கொடுத்திருந்தார்கள். இப்படி ஒரு வேலை எங்கள் ஷெட்டுக்கு வந்தது அதுவே முதல் தடவை.

முடித்த கூட்டைச் சோதிக்க மேடம், காற்றை உறிஞ்சும் பம்ப்போடும் உள்ளே மிச்சமிருக்கும் காற்றைக் காட்டும் மீட்டரோடும் வேனில் வந்தார். கூட்டின் வாயைத் திறந்ததும் மூக்கைச் சுருக்கினார்.

"என்னங்கண்ணா, கற்பூர வாசன வருது?"

"ஆமா மேடம். நல்லா உள்ள விட்டுக் காட்டினேன்."

"உள்ளயா?"

"பின்ன, வேலை செய்யப்போறது உள்ளதான?"

பாய் தலையில் கை வைத்தார்.

"இதுல காத்தே இல்லாம உறிஞ்சணும்ண்ணா. கரியும் பிசுக்கும் இருந்தா அதுலேர்ந்து வாயு உள்ள கசிஞ்சிகிட்டே இருக்கும். வோல்ட்டேஜ் ஏத்தினா பொறி பறக்கும். பாய், நான் இத சென்னைல குடுத்து சரி பண்ணிக்கறேன்."

"போச்சுடா," என்றார் பாய் என்னிடம். "இனிமே இந்த மாதிரி வேலை நம்ம பக்கம் தலைவெச்சிப் படுக்குமா?"

எனக்குச் சுர்ரென்றது. கூட்டின் முன்னால் போய் நின்றேன்.

"கரி புடிச்ச பாத்திரத்த வெளக்க சென்னைக்கு எடுத்துட்டுப் போவாங்களா மேடம்?"

"இது பாத்திரம் இல்லண்ணா."

"வெளக்கற கை என்னுதுதான? எப்டின்னு சொல்லுங்க. பம்ப்பு இங்கயே இருக்கு. மீட்டர் எறங்கலன்னா நானே வண்டில ஏத்தறேன்."

"காட்டினது தப்புன்னாவது ஒத்துக்கடா," என்றார் பாய்.

"உள்ள காட்டினது தப்பு பாய். காட்டினது தப்பில்ல."

மேடம் சிரிப்பை அடக்கிக்கொண்டு, ஒரு நாள் கூடுதலாகத் தங்கச் சம்மதித்தார்.

சோப்புக் கரைத்த வெந்நீர், பேட்டரிக் கடையில் வாங்கிய சுத்தத் தண்ணீர், அசிட்டோன், ஸ்பிரிட் என்று வரிசையாக அவர் சொல்ல, நான் கழுவினேன். கையுறை மாட்டிவிட்டு, எச்சில் தெறிக்கக்கூடாதென்று வாயிலும் துணி கட்டச் சொன்னார். இத்தனை வருஷத்தில் என் வாயை மூடவைத்தவர் அவர் ஒருவர்தான். பாய்க்கு அதிலேயே பாதிக் கவலை போய்விட்டது.

காயவைத்து, சூடாக்கி, பம்ப்பைப் போட்டோம். மீட்டர் பாதி வழியில் நின்றுவிட்டது.

"பாத்தீங்களா?" என்றார் மேடம்.

"பாத்தேன். இன்னொரு வாட்டி வெளக்கறேன்."

டார்ச் அடித்துத் தேடினேன். வெல்டிங் மூலையில் ஒரு கறுப்புக் கீற்று ஒட்டியிருந்தது, என் பக்தியின் மிச்சம். தேய்த்து எடுத்தேன். மறுபடி எல்லாக் குளியலும் நடந்தது. இந்த முறை மீட்டர் இறங்கியது. மேடம் கேட்ட அளவையும் தாண்டி இறங்கியது. அவர் மீட்டரைத் தட்டிப் பார்த்தார். அப்போதும் ஏறவில்லை.

"அடுத்த கூடும் இங்கயே செய்ங்க பாய்," என்றார்.

கூட்டின் வாய்களை அலுமினியத் தாளால் மூடி வேனில் ஏற்றினோம். நான் கற்பூரத் தட்டோடு வந்தேன்.

"அண்ணா!" என்று அலறினார் மேடம்.

"வண்டிக்கு மேடம், வண்டிக்கு."

மேடம் அவசரமாக வேன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, உள்ளிருந்தபடியே கன்னத்தில் போட்டுக்கொண்டார். வேன் கிளம்பப் போனது.

"டேய், வண்டிய நிறுத்து," என்று பாய் ஓடி வந்தார். "சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வெக்கலையே?"