முற்றட்டும் என்று விட்ட காளான்

மரத்தைத் தின்னும் பூஞ்சைகளைப் பற்றி என் பணிக்காலம் முழுவதும் கோவையில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்தினேன். அவற்றில் தென்னையின் அடித்தண்டை அழுகவைக்கும் கானோடெர்மாவைத்தான் அதிகம் விரும்பி நடத்துவேன். மரத்தடியில் நாம் பார்க்கும் காளான் அதன் காய் மாதிரி. உடம்பு முழுவதும் மெல்லிய இழைகளாக வேருக்குள்ளும் மண்ணுக்குள்ளும் ஓடிக்கொண்டிருக்கும். காளான் கண்ணில் படும்போது அந்த மரம் ஏற்கெனவே முடிந்துவிட்டது. அப்போது காப்பாற்ற வேண்டியது பக்கத்து மரங்களை. இந்த வரியை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள், தேர்வில் கேட்பேன் என்று மாணவர்களிடம் சொல்லியிருக்கிறேன்.

ஓய்வு பெற்றபின் ஒரு மழைக்காலத்தில் என் தங்கை கைப்பேசியில் அழைத்தாள். உடுமலைப்பேட்டைப் பக்கம் அவளுக்கும் அவள் கணவருக்கும் ஒரு தென்னந்தோப்பு. அதுதான் அவர்களுக்குச் சோறு.

“அண்ணா, கெணத்தோரத்து மரத்தடியில என்னமோ மொளைச்சிருக்குதுங்க. வெள்ளையா கொழுக்கட்டையாட்ட இருக்குது. இவரு மம்பட்டியில கொத்திப்போடறேங்கறாரு.”

“தொட வேண்டாம் கண்ணு. நான் வாரேன்.”

மறுநாளே பஸ் ஏறினேன். மரத்தடி வெடிப்புகளில் கருஞ்சிவப்பாக நீர் கசிந்து காய்ந்திருந்தது. கீழ்மட்டைகள் பழுத்துத் தொங்கின. சந்தேகத்துக்கே இடமில்லை. அன்றே மரத்தை வேரோடு தோண்டி எரித்து, சுற்றிலும் ஆழமாகக் குழி வெட்டியிருக்க வேண்டும். நோயைச் சுமந்துகொண்டு அந்த வழியாக ஓடும் தண்ணீரையும் நிறுத்தியிருக்க வேண்டும். இதெல்லாம் எனக்குத் தெரியும்.

நான் காளானைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எங்கள் துறையின் கண்ணாடி அலமாரியில் மாணவர்களுக்குக் காட்ட வைத்திருந்த பழைய காளானைப் பூச்சி அரித்துவிட்டிருந்தது. எனக்குப் பின் வந்த பேராசிரியரிடம், நல்லதாக ஒன்று நான் கொண்டு வருகிறேன் என்று பெருமையாகச் சொல்லிவைத்திருந்தேன். இது இப்போதுதான் மொட்டு. விட்டுவைத்தால் பலகைபோல விரியும், மேலே வார்னிஷ் பூசியதுபோலச் செம்பழுப்பு மினுமினுப்பு ஏறும். மரத்தைச் சுற்றித் தோண்டினால் அது உடைந்துபோகும்.

“இந்த மரம் போயிருச்சுங்க மாப்பிள்ளை. காளான் மட்டும் முத்தட்டும், விட்டு வைங்க” என்றேன்.

தங்கை கணவர் நேராகக் கேட்டார்: “மத்த மரத்துக்குப் பரவுமுங்களா மச்சான்?”

“பரவுனாலும் மெதுவாத்தானுங்க. அப்புறம் பாத்துக்கலாம்.”

மெதுவாகத்தான் பரவும் என்பது பொய் இல்லை. அதனாலேயே அதைச் சுலபமாகச் சொல்ல முடிந்தது.

ஆடு மேய்ந்துவிடாமல் இருக்க அவர் காளானைச் சுற்றி முள் வெட்டிப் போட்டார். அடுத்த முறை நான் போனபோது சிரித்துக்கொண்டே வரவேற்றார். “வாங்க மச்சான். உங்க காளான் சௌரியமா இருக்குது. தொட்டில் கட்டிப்போடலாமுங்களா, இல்ல மொதல்ல பேரு வெச்சரலாமுங்களா?”

“சும்மா இருங்க. எங்கண்ணன் காரணமில்லாம ஒண்ணு சொல்லமாட்டாரு” என்றாள் தங்கை.

சொட்டுநீர் போட்டால் தென்னைக்குத் தாகம் அடங்காது என்பது அவர் நம்பிக்கை. வாய்க்காலில்தான் தண்ணீர் கட்டுவார். கிணற்றிலிருந்து வரும் தண்ணீர் முதலில் அந்த மரத்தின் காலை நனைத்துவிட்டுத்தான் மற்ற வரிசைகளுக்குப் போகும். நான் அந்த வாய்க்காலைத் தாண்டித் தாண்டித்தான் காளானைப் பார்க்கப் போனேன்.

பிறகு ஒருநாள், புல்மேலும் காயப்போட்ட துணிமேலும் துருவாட்டம் தூசி படிகிறது என்று தங்கை சொன்னாள். அது காளான் உதிர்க்கும் வித்துத்தூள். காளான் முற்றிவிட்டது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதை எழுதத்தான் வேண்டும். போய் ரம்பத்தால் அறுத்தெடுத்து, செய்தித்தாளில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு கோவைக்குத் திரும்பினேன். கிளம்பும்போதுதான் குழி வெட்டச் சொன்னேன். அவர் அன்றைக்கே ஆள் வைத்து வெட்டினார்.

அடுத்த மழைக்குள் வாய்க்கால் ஓரத்து மரங்களில் மட்டை பழுக்கத் தொடங்கியது. குலை சிறுத்தது, குரும்பை கொட்டியது. வேப்பம்புண்ணாக்கு வைக்கச் சொன்னேன், வேரில் மருந்து கட்டச் சொன்னேன், ஊடே வாழை நடச் சொன்னேன். எல்லாவற்றையும் அவர்கள் செய்தார்கள். நோய் உள்ளே போகும் முன்பு செய்ய வேண்டியவை அவை. அதையும் தெரிந்துகொண்டேதான் சொன்னேன். ஒன்றும் சொல்லாமல் இருக்க எனக்குப் பயமாக இருந்தது.

வேளாண் அலுவலர் ஒருவர் வந்து பார்த்தார். நானும் அங்கே நின்றிருந்தேன். “மொத மரத்துல காளான் வந்தப்பவே தோண்டியிருக்கலாமேங்க? தண்ணிய மாத்தி விட்டிருக்கலாமே?” என்று கேட்டார்.

தங்கை கணவர் என் பக்கம் திரும்பவே இல்லை. “தெரியலீங்க சார். எங்களுக்குச் சொல்ல ஆளில்லீங்க” என்றார்.

என்னைக் காப்பாற்றுவதற்காக அப்படிச் சொன்னாரா, குத்திக்காட்டுவதற்காகச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. கேட்கும் துணிவும் வரவில்லை. அதற்குப் பிறகு அவர் என்னிடம் விளையாட்டாகப் பேசியதே இல்லை.

போன மாதம் போயிருந்தபோது தங்கை என்னை வீட்டுக்குப் பின்னாலிருக்கும் கடைசி வரிசைக்குக் கூட்டிப்போனாள். வழியெல்லாம் தோண்டிய குழிகள். வெயில் நேராகத் தரையில் விழுந்தது. முன்பெல்லாம் அங்கே நிழல் விலகியதே இல்லை.

“இந்த வரிசையாச்சும் தப்பிக்குமுங்களா அண்ணா?”

குனிந்து அடிமரத்தைக் கட்டைவிரலால் அழுத்தினேன். ஈரம். விரலில் சிவப்பு ஒட்டியது.

“தப்பிக்காது கண்ணு.”

அவள் என் விரலைப் பார்த்தாள். “மொதல்லயே இப்புடி ஆகும்னு உங்களுக்குத் தெரியுமுங்களா?”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா விட்டு வெக்கச் சொன்னீங்க?”

ஆமாம் என்றேன். அவள் மரத்தில் கை வைத்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் தேவலை என்றும் இருந்தது.

“செரி, வெயில் ஏறுது. சாப்பிட வாங்க” என்றுவிட்டு முன்னால் நடந்தாள்.

இப்போதும் வாரம் ஒருமுறை பேசுகிறாள். என் சர்க்கரையை விசாரிக்கிறாள், மாத்திரையைப் போட்டீங்களா என்கிறாள். மரத்தைப் பற்றி என்னிடம் எதுவும் கேட்பதில்லை. வெட்டி முடித்த பிறகுதான் சொல்கிறாள்.